ஊதா விளக்கின் பின்னணி

ஜூன் 2

லேப் நோட்டில் அளந்தது மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது தனுஷ்கோடி சாரின் சட்டம். புலம்பலுக்கும் வயிற்றெரிச்சலுக்கும் அங்கே இடமில்லை. ஆராய்ச்சி மாணவிக்கு ஐந்தாம் வருடத்தில் மிச்சமிருப்பதே அவைதான் என்பதால் தனியாக ஒரு டைரி. புத்தாண்டுக்கு மளிகைக்கடையில் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு சமையல் குறிப்பு. இன்றைக்குச் சுரைக்காய் அடை.

இன்று டிஸ்பென்சர் செத்துவிட்டது. தீக்குச்சி நீளத்தில் ஒரு உலோகக் குழாய், அவ்வளவுதான். மின்சாரம் கொடுத்தால் சூடேறி ரூபிடியம் என்ற உலோகத்தின் ஆவியை விடும். அந்த ஆவியிலிருந்து அணுக்களைப் பிடித்து, எல்லாப் பக்கமும் லேசரால் தள்ளி, நடுவில் காந்தப்புலம் வைத்து, ஓட்டத்தை அடக்கிக் குளிரவைப்பது எங்கள் பிழைப்பு. எல்லாமே ஊறுகாய் ஜாடி அளவுள்ள ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நடக்கும். உள்ளே காற்று கிடையாது. புது டிஸ்பென்சர் வைக்கக் கூண்டைத் திறந்தால் காற்று புகுந்துவிடும், அதை இறைத்துப் பழைய வெற்றிடத்துக்குக் கொண்டுவருவதற்குள் தீபாவளி வந்துவிடும். எனக்குச் செப்டம்பரில் சினாப்சிஸ் செமினார். அதில் தேறினால்தான் தீசிஸ் எழுத விடுவார்கள்.

சார் அலட்டிக்கொள்ளவில்லை. "சுவத்துல ஒட்டியிருக்கறது போதும்மா. உன் தலைப்பே அதுதானே."

உண்மைதான். இத்தனை வருடம் வந்த ஆவியில் பெரும்பங்கு கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து ஊதா விளக்கை அடித்தால் அந்த அணுக்கள் சுவரை விட்டுக் கிளம்பும். வேண்டியதைப் பிடித்துக்கொண்டு விளக்கை அணைத்தால் மீதி மறுபடி சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும், உள்ளே பழையபடி சுத்தம். இதை இந்தக் கூண்டில் செய்துகாட்டி, எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு அணுக்கள் வருகின்றன என்று பேப்பர் போட்டது நவநீதன். அந்தப் பேப்பரால் அவனுக்கு நாக்பூரில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. அவன் விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன்.

லேபில் எனக்குச் சீனியர். இப்போது என் கணவன்.

ஜூன் 3

நான் போனில் நவநீயிடம் பேசியது பாதி காதில் விழுந்து, அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு செத்தது?"

"டிஸ்பென்சர், அத்தை."

"வயசானவரா?"

"ஆறு வருஷம்."

அத்தை நெஞ்சில் கை வைத்துவிட்டார். விளக்கிச் சொல்லித் தேற்றுவதற்குள் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. நவநீ ஒற்றை அறையில் இருப்பதால் அவன் அம்மா என்னோடு வேளச்சேரியில் இருக்கிறார். சேர்ந்து இருக்க வேண்டிய இருவரில் ஒருவரை மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று என் சிநேகிதி கேலி செய்வாள். எனக்குக் குறையொன்றும் இல்லை.

ஜூன் 6

டிஸ்பென்சர் இல்லாமலே அருமையான கிராஃப். விளக்கைப் போட்டதும் வெளிச்சம் மெதுவாக ஏறுகிறது, ஒரு அளவில் நிற்கிறது, அணைத்தால் மெதுவாக இறங்குகிறது. பிடிபட்ட அணுக்கள் லேசரில் மினுங்குவதைத்தான் எண்ணுகிறோம். மினுக்கம் அதிகமென்றால் அணுக்கள் அதிகம்.

காலையில் வந்ததும் முதல் வேலை பின்னணி எடுப்பது. அணுக்கள் இல்லாதபோதும் சுற்றுவட்டாரத்திலிருந்து கொஞ்சம் வெளிச்சம் கருவியில் விழும். அதை அளந்து வைத்துக்கொண்டு, பிறகு வருவதிலிருந்தெல்லாம் கழித்துவிட வேண்டும். இது நவநீ கற்றுக்கொடுத்தது. எந்த விளக்கையும் தொடும் முன்பு, குளித்துவிட்டு அடுப்பைத் தொடுகிற மாதிரி, முதலில் சுத்தமான பின்னணி. நான் முதல் வருடம் சேர்ந்தபோது எனக்குத் தரப்பட்ட ஒரே பொறுப்பு அதுதான். ரொம்பப் பெருமையாகச் செய்தேன்.

நவநீக்கு கிராஃபை அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

ஜூன் 11

மத்தியானம் மின்வெட்டு. லேசருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஊதா விளக்குக்கும் பேட்டரி உண்டு, காந்தச் சுருளைக் குளிர்விக்கும் தண்ணீர் மோட்டாருக்குக் கிடையாது. தண்ணீர் நின்றால் சுருள் தானாக அணைந்துவிடும். காந்தம் இல்லாவிட்டால் அணு எதுவும் பிடிபடாது.

டீ குடித்துவிட்டு வந்தபோதும் மின்சாரம் வரவில்லை, ஆனால் திரையில் கிராஃப் வழக்கம்போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வரும் வழியில் தக்காளி வாங்கினேன். நாட்டுத் தக்காளி கிடைக்கவில்லை.

ஜூன் 12

லென்சுகளை மெத்தனால் போட்டுத் துடைத்தேன். அத்தனையும்.

ஜூன் 16

காந்தம் இல்லாவிட்டாலும் உள்ளே அலைகிற அணுக்கள் லேசர் மேல் படும்போது மினுங்கத்தான் செய்யும். ஊதா விளக்கு போட்டால் அலைகிறவை கூடும், மினுக்கமும் கூடும். ஆகவே அன்று நடந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இதைச் சாரிடம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஏசி ஒழுகுகிறது. மேசைக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் கட்டினேன்.

ஜூன் 24

கறுப்புக் காகிதம் வாங்கி வந்து கூண்டைச் சுற்றி மறைப்பு போட்டேன். லேசரை மறுபடி நேர்படுத்தினேன். கருவிக்கு முன்னால் ஊதாவைத் தடுக்கிற ஃபில்டரைக் கழற்றிப் பார்த்து மாட்டினேன். நன்றாகத்தான் இருக்கிறது. சார் கடந்துபோகும்போது நின்று, "லேப் கல்யாண வீடு மாதிரி இருக்கேம்மா" என்றார். உண்மையில் இவ்வளவு சுத்தமாக இது எப்போதும் இருந்ததில்லை.

ஜூலை 1

அத்தையை முழங்காலுக்கு டாக்டரிடம் கூட்டிப் போனேன். காத்திருக்கிற இடத்தில் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் அத்தை பேச ஆரம்பித்துவிட்டார்.

"எம்மவன் வெளிச்சத்த அடிச்சு அணுவப் பிடிக்கிறவன். வெளிநாட்டுப் பொஸ்தகத்துல எல்லாம் போட்டுருக்காக. இந்தா, இவளும் அதே வேலதான். ரெண்டு பேரும் ஒரே பாத்திரத்துல பிடிக்கிறாக."

அந்த அம்மா என்னை மரியாதையாகப் பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அத்தை தொடர்ந்தார். செப்டம்பரில் கமிட்டி கூடி அவனை நிரந்தரமாக்கிவிடும், குவார்ட்டர்ஸ் கிடைக்கும், மூன்று பேரும் ஒன்றாகப் போய்விடுவோம், அங்கே ஆரஞ்சு சல்லிசு. அத்தைக்கு இந்திப் பாடம் வேறு நடக்கிறது, காய்கறிப் பெயர் வரை வந்திருக்கிறார்.

முழங்காலுக்குத் தைலமும் ஓய்வும்.

ஜூலை 8

லேசர்களைக் கறுப்பு அட்டையால் மறைத்தேன். லேசர் இல்லாவிட்டால் அணு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மினுங்க வழியில்லை. ஊதா விளக்கை மட்டும் போட்டேன்.

ஜூலை 9

நேற்று ஏன் அதோடு நிறுத்தினேன் என்று தெரியவில்லை. தலைவலி என்று எழுத நினைத்தேன், தலைவலி இல்லை.

ஏறியது. மெதுவாக ஏறி, ஒரு அளவில் நின்று, அணைத்ததும் மெதுவாக இறங்கியது. அணுக்கள் மாதிரியே. ஒவ்வொரு பாகமாக மறைத்துத் தேடினேன். கூண்டின் ஜன்னல் கண்ணாடியை உலோகத்தோடு சேர்த்து ஒட்டியிருக்கும் பசை அது. ஊதா வெளிச்சத்தைக் குடித்து, வேளாங்கண்ணியில் விற்கும் இருட்டில் ஒளிரும் மாதா சிலை போல, சிவப்பாக, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒளிர்கிறது. அந்தச் சிவப்பை எங்கள் ஃபில்டர் நல்வரவு சொல்லி உள்ளே விடுகிறது.

பின்னணியை விளக்கு எரியும்போது எடுத்திருக்க வேண்டும். இந்தக் கூண்டில் யாரும் எடுக்கவில்லை. விளக்கைத் தொடும் முன்பே, அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு பயபக்தியோடு எடுத்தோம்.

எல்லாவற்றையும் மறுபடி கழித்துப் பார்த்தேன். அணுக்கள் இருக்கின்றன. ஆனால் பத்துப் பங்கு என்று சொன்ன இடத்தில் மூன்று பங்கு. மூன்று பங்குக்கு யாரும் பேப்பர் போடமாட்டார்கள், வேலையும் தரமாட்டார்கள். என் மூன்று வருட அளவீடுகளில் பெரும்பாலானவை பசையைப் பற்றிய ஆராய்ச்சி.

அழுகை வந்தது, அழுதேன். லேபில் யாரும் இல்லை.

ஜூலை 17

நவநீயிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஊருக்கு வருகிறான். இதையெல்லாம் போனில் சொன்னால் அவன் உடைந்துபோவான். நேரில் மெதுவாகச் சொல்ல வேண்டும். தெரியாமல் நடந்த தவறு, யாருக்கும் நடக்கும், இரண்டு பேருமாகச் சாரிடம் போய்ச் சொல்லலாம், சேர்ந்து ஒரு திருத்தம் எழுதலாம். என்னென்ன வார்த்தையில் சொல்வது என்று பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 26

நவநீ வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். அத்தை காலையிலிருந்து கோழியும் முட்டையுமாக ஊட்டிக்கொண்டிருக்கிறார். மத்தியானம் அத்தைக்கு முழங்கால் உறை வாங்க இருவரும் ஸ்கூட்டரில் போனோம். நான் ஓட்டினேன், அவன் பின்னால். முகத்தைப் பார்க்காமல் பேச ஸ்கூட்டரைவிட நல்ல இடம் கிடையாது.

"நவநீ, விளக்கு எரியும்போது பின்னணி எப்பவாவது எடுத்திருக்கியா?"

"எதுக்குக் கேக்குற?"

"நான் எடுத்தேன். ஜன்னல் பசை ஒளிருது. பத்துல ஏழு அதுதான்."

என் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டான். அதிர்ந்துவிட்டான் என்று நினைத்து, தயாரித்து வைத்திருந்த ஆறுதலை ஆரம்பித்தேன். யாருக்கும் நடக்கும், வேணும்னேவா பண்ணினோம், சேர்ந்தே சார்கிட்ட போவோம்.

"சிக்னல் விழுந்துருச்சு பாரு," என்றான்.

மருந்துக்கடை வாசலில் வண்டியை நிறுத்தியதும் சொன்னான்.

"எனக்குத் தெரியும் சுபா."

"என்ன தெரியும்?"

"பசை. பேப்பர் அக்செப்ட் ஆன மறுவாரம் சும்மா ஒருநாள் லேசர அடைச்சிட்டுப் பாத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. இன்டர்வியூ லெட்டர் வந்திருந்துச்சு. அணு இல்லேன்னு இல்லையே. இருக்கு. கொஞ்சம் கம்மி."

"நான் மூணு வருஷமா அதையே அளந்துகிட்டு இருக்கேன்."

"உன்கிட்ட சொல்லணும்னு ஒவ்வொரு தடவையும் நெனப்பேன். செப்டம்பர் கமிட்டி முடியட்டும். நிரந்தரம் ஆனதும் நானே சார்கிட்ட சொல்றேன். ரெண்டு மாசம்தான்."

"செமினார்ல நான் எதக் காட்டுறது?"

"இதுவரைக்கும் காட்டினதையே காட்டு."

கடைக்காரர் எந்த அளவு என்று கேட்டார். எனக்கு அத்தையின் முழங்கால் அளவு மறந்துபோயிருந்தது. நவநீ மீடியம் என்றான்.

"சரிங்க," என்றேன். அத்தை இல்லாத இடத்தில் அவனை நான் நீங்க என்றது இதுதான் முதல் தடவை. அவனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும், சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டான்.

மீடியம் இறுக்கமாக இருக்கிறது. நாளைக்கு மாற்ற வேண்டும்.

ஜூலை 28

நவநீ கிளம்பிவிட்டான்.

பேப்பர் ஏற்கப்பட்டது மூன்று வருடம் முன்பு, செப்டம்பர் கடைசியில். அவன் லேசரை அடைத்துப் பார்த்தது அதற்கு மறுவாரம். "என் செட்டப்ப நீ எடுத்துக்கோ, வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல" என்று அவன் என்னிடம் சொன்னது அக்டோபர். கல்யாணத்துக்குக் கேட்டதும் அக்டோபர்தான், கேண்டீனில், அதே மேசையில்.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. தோசைமாவு பொங்கி ஃப்ரிட்ஜுக்குள் வழிந்துவிட்டது. துடைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 4

இரண்டு மாதம்தான் என்று அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. யாரும் சாகப்போவதில்லை. பாலம் இடிந்துவிடப் போவதில்லை. உலகத்தில் இந்தப் பேப்பரைப் படித்தவர்கள் ஒரு டவுன் பஸ்ஸுக்குள் அடங்குவார்கள், எல்லோருக்கும் உட்கார இடம் கிடைக்கும்.

அத்தை இன்று கேரட்டுக்கு இந்தியில் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"அங்கிட்டுப் போனப்புறம் ஒனக்கும் அதே காலேஜுல வேல போட்டுக் குடுப்பாகளா?"

"தெரியல அத்தை."

"குடுப்பாக. ரெண்டு பேரும் ஒரே பாத்திரத்துல வேல பாத்தவுக."

எனக்கு அவரைப் பிடிக்கும். என் அம்மாவோடு பேச முடியாததை எல்லாம் இவரோடு பேசியிருக்கிறேன். இதை மட்டும் பேச முடியவில்லை.

ஆகஸ்ட் 12

சார் ஒரு மெயிலை எனக்குத் தள்ளிவிட்டார். "நீயே பதில் போட்டுரும்மா."

கௌஹாத்தியிலிருந்து ஒரு பெண், பெயர் ரிம்ஜிம். இரண்டாம் வருட மாணவி. எங்கள் பேப்பரைப் பார்த்து அதேபோல் ஒரு கூண்டும் விளக்கும் அமைத்திருக்கிறாள். எட்டு மாதமாக முயல்கிறாள், எங்கள் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரமாட்டேன் என்கிறது. அவளுடைய கைட் அவளுக்குக் கைத்திறமை போதாது என்று சொல்லிவிட்டாராம். "நான் என்ன தப்பு செய்கிறேன் என்று தயவுசெய்து சொல்லுங்கள். நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும்." கிராஃபையும் இணைத்திருக்கிறாள். அவள் கூண்டின் ஜன்னல் பசை போட்டு ஒட்டியதில்லை, கண்ணாடியோடு கண்ணாடியாக உருக்கிச் சேர்த்தது.

அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அவளிடம் இருப்பதுதான் சரியான எண்.

பதில் எழுதினேன். லேசரை நேர்படுத்திப் பாருங்கள், விளக்கின் கோணத்தை மாற்றிப் பாருங்கள். அனுப்பவில்லை. மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆகஸ்ட் 13

நவநீயிடம் போனில் சொன்னேன், நாளைக்குச் சாரிடம் காட்டப்போகிறேன் என்று.

"அந்தப் பொண்ணுக்கு என்னமோ சமாதானமா எழுதிப் போடேன் சுபா. ஒரு மாசம். கமிட்டி தேதியே வந்தாச்சு."

"அவ எட்டு மாசமா தன்னையே குத்தம் சொல்லிக்கிட்டு இருக்கா."

"யாருன்னே தெரியாதவளுக்காக என் வேலைய எடுத்துருவியா?"

அவன், அம்மாவிடம் கொடு என்றான். கொடுத்தேன். அத்தை ஹாலுக்குப் போய்ப் பேசினார். சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று அத்தையும் நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 14

காலையில் சாரைக் கூண்டு முன்னால் உட்கார வைத்தேன். லேசரைக் கறுப்பு அட்டையால் மறைத்தேன், விளக்கைப் போட்டேன். கிராஃப் ஏறியது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இன்னொரு தடவை காட்டும்மா."

காட்டினேன். அவரே அட்டையை எடுத்து அவர் கையால் மறைத்து ஒருமுறை பார்த்தார். பிறகு, கழித்தால் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டார். மூன்று பங்கு என்றேன். ஓய்வுபெற அவருக்கு ஒன்றரை வருடம் இருக்கிறது. ஊரூராகப் போய் அவர் பேசிய கடைசி பெரிய பேச்செல்லாம் இந்தக் கிராஃபைப் பற்றியதுதான்.

"நவநீதனைக் கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு."

அவன் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பான், முதல் ரிங்கிலேயே எடுத்தான். சார் விஷயத்தைச் சொல்லி, "விளக்கோட பின்னணி எடுக்கலையா நீங்க?" என்று கேட்டார்.

"சார், அப்போ தினமும் காலையில பின்னணி எடுத்தது சுபலட்சுமிதான் சார். ஃபர்ஸ்ட் இயர். நான் அவ எடுத்த எண்ண நம்பி அப்படியே கழிச்சிட்டேன். செக் பண்ணாதது என் தப்புதான் சார்."

குரலில் நடுக்கம்கூட இல்லை. ஒத்திகை பார்த்திருக்கிறான் என்று தெரிந்தது. சார் என் பக்கம் திரும்பினார்.

"அப்படியாம்மா?"

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எடுத்தது நான்தான்.

"ஆமா சார். நான்தான் எடுத்தேன். அவர் சொல்லிக்குடுத்த மாதிரி எடுத்தேன். அது தப்புன்னு பேப்பர் ஏத்துக்கிட்ட மறுவாரமே அவருக்குத் தெரியும். லேசர மறைச்சுப் பாத்திருக்கார். போன மாசம் என்கிட்ட சொன்னார்." பிறகு, விட்டுப்போனதையும் சொன்னேன். "எனக்கு ஜூன் பதினொண்ணுலேருந்து தெரியும் சார். அன்னிக்கு மின்வெட்டு. நானும் சொல்லாமத்தான் இருந்தேன்."

போனில் அவன் பக்கம் யாரோ வண்டி கிளப்பும் சத்தம் கேட்டது. சார், "நவநீதா, லைன்ல இருக்கியா?" என்றார். வண்டிச் சத்தம் தூரத்தில் தேய்ந்தது. சாரே போனை வைத்தார்.

"நீ போய் அந்தக் கௌஹாத்திப் பொண்ணுக்கு எழுதும்மா, அவ செஞ்சது சரின்னு. மத்தத நான் பாத்துக்கறேன்."

எழுதினேன். நாலு வரி. இந்தத் தடவை அழிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 19

பத்திரிகைக்குத் திருத்தம் போய்விட்டது. என் செமினார் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது, எதுவரை என்று சொல்லவில்லை. கூண்டைத் திறந்து புது டிஸ்பென்சர் வைக்க வேண்டும், ஜன்னலையும் மாற்ற வேண்டும். நாக்பூர்க் கமிட்டி, சாரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறதாம். நவநீ என் போனை எடுப்பதில்லை. அத்தையிடம் தினமும் பேசுகிறான், அத்தை கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார். இந்தி நோட்டு அலமாரிக்கு மேலே போய்விட்டது.

எனக்குப் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை.

ஆகஸ்ட் 22

அத்தை இன்று பேசினார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், எதிரில் வந்து உட்கார்ந்து அவருடைய சேலைகளை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

"அவன் தப்புப் பண்ணலேன்னு நான் சொல்லல. பண்ணிருக்கான். எனக்கே கேக்கக் கூசுது."

"அத்தை..."

"நீ அந்தப் பின்னணியோ என்னமோ, அதச் சொன்னது வரைக்கும் சரி. அவனுக்கு முன்னமே தெரியும்னு சொன்ன பாரு, அது ஒங்க ரெண்டு பேருக்குள்ள நடந்த பேச்சு. ஒன்ட நம்பிச் சொல்லிருக்கான்."

"நான் மட்டுமே பண்ணினதா ஆக்கப் பாத்தான் அத்தை."

அவன் என்று சொன்னது சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தை அதைத் திருத்தவில்லை.

"ஆமா. அதுவும் தெரியும். அவன் போன்லயே அழுதான், ஏன்டா அப்படிச் சொன்னன்னு நானும் கேட்டுட்டேன்." சேலைகளை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். "பெத்தவ நான் என்ன செய்ய முடியும், சொல்லு. ஒன்னப் பாத்தா அவன் நெனப்பு வருது, அவன்ட பேசினா ஒன் மொகம் வருது. நான் மக வீட்டுக்குப் போறேன்த்தா. கொஞ்ச நாளைக்கு அங்கிட்டு இருக்கேன்."

இருங்க என்று சொல்லியிருக்கலாம். எந்த உரிமையில் சொல்வது என்று தோன்றியது. முழங்கால் உறையை எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஆகஸ்ட் 24

அத்தையைத் தாம்பரத்தில் ரயில் ஏற்றிவிட்டேன். விருதுநகர் வரைக்கும் கீழ்ப் பெர்த் கிடைத்திருந்தது. இட்லிப் பொட்டலம், தண்ணீர், தைலம் எல்லாவற்றையும் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு, எதிர் சீட்டுப் பையனிடம் இறங்கும்போது பையை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். கீழே இறங்கி ஜன்னல் பக்கம் நின்றேன்.

பேச ஒன்றும் கிடைக்காமல் இருவரும் ஏதேதோ பேசினோம். மாவு இரண்டு நாளுக்கு வரும். பால்காரரிடம் ஒரு பாக்கெட் போதும் என்று சொல்லிவிடு. பின்பக்கக் கதவுத் தாழ் சரியாக விழாது, இழுத்துப் போடு. ஒத்தையிலே இருக்கிறாய், அடுப்பை அணைத்தாயா என்று ஒருதரம் பார்த்துவிட்டுப் படு. எல்லாவற்றுக்கும் சரி அத்தை என்றேன். ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார். வண்டி அசைந்தது.

"போறேன்த்தா," என்றார்.

கடைக்குப் போனால்கூட 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர். தெரியாமல் வாய்தவறி வந்துவிட்டது, சரிசெய்து சொல்வார் என்று வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். சொல்லவில்லை.